நான்கு நொடிச் சாவு

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி, மருந்துக் கடைக்கு மாடியில்
ஒன்பது கணினி போட்டிருக்கிறேன்.
மணிக்கு முப்பது ரூபாய். ஏசி மதியத்துக்கு மேல்தான்.
போன கோடையில் ஒன்பது திரையிலும்
தீர்த்தகிரி செத்துக்கொண்டிருந்தான்.

கோட்டைக் காவலன்.
முகம் எவனுடையதோ. அலறல் வேறு எவனுடையதோ.
நடை மட்டும் அவனுடையது,
கொண்டலாம்பட்டி பைபாஸில் ஒரு லாரி கொடுத்தது:
இடது பாதம் தனியாகப் போகப் பார்க்கும்,
வலது அதைக் கூப்பிட்டுக்கொள்ளும்.
இரும்புத் தொப்பிக்குள் யாரென்று
முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெங்களூரில் பதினோரு நாள்
உடம்பெல்லாம் பொட்டு ஒட்டிய கறுப்பு உடுப்பில்
விழுந்தானாம்.
அம்பு இல்லாமல் அம்பு பட்டு,
குதிரை இல்லாத உயரத்திலிருந்து, மெத்தை மேல்.
"இந்த ஆளுக்கு வீடு எங்கே சார்?" என்று கேட்டிருக்கிறான்.
அங்கே யாரிடமும் பதில் இல்லை.
சரி என்று அவனே ஒன்று வைத்துக்கொண்டான்:
இன்றைக்கு இவன் காவலே இல்லை.
சிநேகிதனுக்காக ஷிஃப்ட் மாற்றி நிற்கிறான்.

அதனால்தான்
வாள் இறங்கியதும் முதலில் வாசலைப் பார்க்கிறான்,
அவன் வந்துவிட்டானா என்று.
பிறகு கை இடுப்புச் சாவிக்குப் போகிறது.
பிறகுதான் முழங்கால்.
மொத்தம் நான்கு நொடி.

தட்டுவடை செட் தின்றபடி ஒளிராஜ் சொன்னான்:
"மூஞ்சியே தெரியாதது என்னக்கா நடிப்பு?"
கல்யாண வீடியோ எடுப்பவன். மூஞ்சிதான் அவனுக்குச் சோறு.
நான் சொன்னேன்:
நாற்பதடிக்கு மூஞ்சியை விரித்து வைத்துக்கொண்டு
ஒரு புருவத்தை மட்டும் வேலைக்கு அனுப்புகிறவர்களை
நீ கைதட்டிப் பார்க்கவில்லையா?
அவன் பீட்ரூட் துருவலை ஒதுக்கிக்கொண்டே
"அது ஸ்டைல்" என்றான்.
அதற்கு மேல் அவனோடு என்ன பேச.

ஏழு படம் நடித்திருக்கிறான் தீர்த்தகிரி. ஏழிலும் முதுகு.
எட்டாவதில் வசனமே இருந்தது:
"ஐயா, வண்டி வந்திருச்சு."
திரையில் வண்டி வந்தது, ஐயா ஏறிப் போனார்.
சொன்னவனை வெட்டிவிட்டார்கள்.
வண்டி வந்தது ஐயாவுக்கு எப்படித் தெரியும் என்று
தியேட்டரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி, பதினான்கு ஜிபி அப்டேட்.
காலையில் வந்து பார்த்தால்
காவலன் விழுவதில்லை.
தொட்டதும் சாம்பலாகிறான். ஒரு நொடி.
எந்த ஊரிலோ கண்ணாடி அறையில்
யாரோ ஒரு வரைபடம் காட்டியிருப்பார்கள்,
பையன்கள் எந்த இடத்தில் சலிக்கிறார்கள் என்று.

திட்டலாம்தான். ஆனால் நானும் கணக்குப் போட்டேன்.
நான்கு நொடி, ஒரு நாளைக்கு முந்நூறு சாவு,
இருபது நிமிடம்.
என் கடை விலைக்குப் பத்து ரூபாய்.
சைக்கிள் மிதித்து வருகிற மெல்வினிடம்
அவன் சாவுக்குப் பத்து ரூபாய் கொடு என்று
எந்த வாயால் கேட்பேன்?

ஒன்பதாம் நம்பர் கணினியின் கேபிளை மட்டும்
அப்டேட் இறங்குமுன் பிடுங்கிவிட்டேன்.
வேறொன்றும் செய்யவில்லை.
"அது பழசுக்கா" என்று ஒருத்தனும் உட்கார்வதில்லை.

சனிக்கிழமை, கூலி வாங்கின கையோடு,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையிலிருந்து வந்தான்.
விரலில் பத்தவைத்த வாசனை.
ஒன்பதைக் காட்டினேன்.
வாளை எடுக்கவே இல்லை.
தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று
காவலன் போவதையும் திரும்பி வருவதையும்
அரை மணி நேரம் பார்த்தான்.

நான் எதையோ எதிர்பார்த்துப் பக்கத்தில் போனேன்.
கண் கலங்கியிருப்பான் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன்.
"திரும்பும்போது அவசரப்பட்டிருக்கேன் பாருங்க," என்றான்,
"இன்னொரு டேக் கேட்டிருக்கணும்."

பதினைந்து ரூபாய்.
ஐந்நூறை நீட்டினான், என்னிடம் சில்லறை இல்லை.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.